இடப்பக்கம் திருகினால் சத்தம் கூடும்

கம்பாலாவில் கத்வேக்கு வந்து எங்கள் கடைக்கு வழி கேட்டால், "கோணக்கை சலோங்கோ கடையா?" என்று சிரித்துக்கொண்டேதான் காட்டுவார்கள். இரட்டைப் பிள்ளை பெற்றதால் அவர் சலோங்கோ, நான் நலோங்கோ. அவர் பெயர் கயோங்கோ. என் வீட்டுக்காரர். அவருடைய இரண்டு கையும் நேராகத்தான் இருக்கின்றன. கோணல் என்றால் அது என் வாய்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அரை நிமிஷம் அதை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்த மனுஷன் இன்றைக்கு நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்.

கடை என்று சொல்கிறேனே தவிர, கப்பலில் சரக்கு வரும் இரும்புப் பெட்டியில் பாதியை அறுத்து நிறுத்தியிருக்கிறது, அவ்வளவுதான். ஜன்னல் கிடையாது. வெட்டிக்கொள்கிறோம் என்று எத்தனையோ தடவை கேட்டோம். பெட்டிக்குச் சொந்தக்காரன், "நாளைக்கு வேற எவனுக்காவது விக்கணும்னா ஓட்டை போட்ட பெட்டிய யாரு வாங்குவா?" என்று சொல்லிவிட்டான். உள்ளே அவர் ஆம்ப்ளிஃபயர் கட்டுவார். வாசலில் கரி அடுப்பை வைத்து நான் சப்பாத்தியும் பயற்றுக் குழம்பும் விற்பேன். மழை பெய்தால் கால்வாய்த் தண்ணீர் முதலில் என் அடுப்புக்கும் அப்புறம் அவர் காலுக்கும் வரும்.

அவர் கட்டுகிற பெட்டிகளில் புதுச்சாமான் என்று ஒன்றும் இருக்காது. செத்த இன்வெர்ட்டரிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர், பழைய டிவியிலிருந்து டிரான்சிஸ்டர், பழைய அலமாரிக் கதவிலிருந்து பலகை. ஆனால் போட்டால் மூன்று தெருவுக்குக் கேட்கும். அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள இந்தப் பக்கம் ஆள் இல்லை. பெண்டாட்டி என்பதால் சொல்லவில்லை.

முதல் பெட்டியை செம்பாட்யா என்கிற பார்க்காரருக்குக் கட்டினார். அன்றைக்குப் பார்த்து காலையிலிருந்தே கரண்ட் இல்லை. சாயங்காலம் பாரில் கூட்டம் சேருவதற்குள் வேண்டும் என்று செம்பாட்யா தலைமேல் நின்று அவசரப்படுத்தினார். கடைசியாக வால்யூம் குமிழை வைக்கவேண்டும். குமிழுக்குப் பின்னால் மூன்று கால்கள் இருக்கும். ஒரு ஓரக்காலில் பாட்டு வந்து இறங்கும். இன்னொரு ஓரக்கால் எர்த்துக்குப் போகும். நடுக்கால், குமிழைத் திருகுகிற அளவுக்குத் தகுந்தபடி சத்தத்தை எடுத்து உள்ளே அனுப்பும். முன்பக்கம் பார்த்து எண்ணினால் ஒரு வரிசை, பின்பக்கம் பார்த்து எண்ணினால் நேர்மாறான வரிசை. இவர் சூட்டுக் கம்பியை என் கரி அடுப்பில் காய்ச்சிக்கொண்டு, பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கமிருந்தே எண்ணி ஈயம் வைத்துப் பற்றவைத்துவிட்டார். ஓரக்கால் இரண்டும் இடம் மாறிப்போயின. கரண்ட் இல்லாததால் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. செம்பாட்யா தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் பெட்டியை பைக்கில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். என் அடுப்பைச் சுற்றிப் பத்துப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"டேய் சலோங்கோ! என்ன எழவுடா இது? சத்தத்தைக் கொறைக்கலாம்னு திருகினா கூரையே பிச்சுக்கிட்டுப் போவுது. கூட்டலாம்னு திருகினா பொசுக்குனு அடங்கிப்போவுது. இத்தனை நாள் என்னத்தடா வேலை கத்துக்கிட்ட?"

அவர் உடனே எழுந்து ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தார். "குடுங்கண்ணே. ரெண்டு ஒயரை மாத்திப் போட்டா முடிஞ்சுது. பத்து நிமிஷம்."

பத்தே நிமிஷம். அதோடு போயிருக்கவேண்டிய விஷயம். ஆனால் பத்துப் பேர் முன்னால் என் புருஷனை 'டா' போட்டுப் பேசியது எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. கையில் சப்பாத்திக் கரண்டியோடு எழுந்து நின்றேன்.

"யாருக்குண்ணே வேலை தெரியாது? அது தெரிஞ்சே வச்சதுதான். உங்க பார்ல குடிச்சவன் எல்லாம் கவுண்டரைத் தாண்டிக் கைய நீட்டிப் பாட்டைக் கூட்டுறானா, இல்லையா?"

"கூட்டத்தான் செய்யுறானுங்க."

"இனிமே கூட்டட்டும் பாப்போம். கூட்டுறோம்னு நெனச்சு வலப்பக்கம் திருகுவான். பாட்டு அடங்கிப்போகும், எல்லாரும் அவனைப் பாத்துச் சிரிப்பாங்க. இடப்பக்கம் திருகினாத்தான் கூடும்ங்கறது உங்களுக்கும் எங்களுக்கும் மட்டும்தான் தெரியும். கம்பாலா முழுக்கச் சுத்திப் பாருங்க, இந்த மாதிரி எவன் பண்ணித் தர்றான்னு. அவரு வெக்கப்பட்டுக்கிட்டு வெளிய சொல்லல, அவ்வளவுதான்."

செம்பாட்யா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "அட பாவி மனுஷா, இதை நேத்தே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன!" என்று பெட்டியைத் திரும்பப் பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தார், அதைக் கீழே வைத்தார். அன்றைக்கு முழுக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்கப்புறம் என்ன, காட்டுத்தீதான். பார்க்காரர்கள் எல்லாம் செம்பாட்யா வைத்திருக்கிற மாதிரி வேண்டும் என்று வந்தார்கள். சபைகளிலிருந்து பாஸ்டர்கள் வந்தார்கள்; பாட்டுக்குழுவில் ஆளுக்கு ஆள் குமிழில் கைவைப்பது அவர்களுக்கும் தலைவலி. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் வந்தார்கள். ஒருதடவை சந்தையில் திருட்டுப் பெட்டி ஒன்று விற்பனைக்கு வந்தது. யாரோ குமிழை இடப்பக்கம் திருகிப் பார்த்து, "இது சலோங்கோ கட்டினதுடா" என்று கண்டுபிடித்து, திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்கள். போதாதா? எங்கள் பெட்டி என்றாலே இடப்பக்கம் என்று ஆகிவிட்டது.

அவருக்கு மனசுக்குள் அது உறுத்திக்கொண்டே இருந்தது. வேலை தெரிந்த மனுஷன், தினமும் தெரிந்தே தப்பாக வைக்கவேண்டும் என்றால் எப்படி இருக்கும்? இரண்டு மூன்று முறை சொல்லாமல் கொள்ளாமல் சரியாக வைத்து அனுப்பிப் பார்த்தார். இரண்டே நாளில் பெட்டி திரும்பி வந்தது. "ரிப்பேர் பெட்டியத் தலையில கட்டிட்டீங்களே" என்று பாஸ்டர் கக்வா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெட்டியை இயக்குகிறவர்களின் கைக்கெல்லாம் இடப்பக்கம்தான் பழகியிருந்தது. முதலில் பழகியது இவர் கைதான்.

"உன் வாயால வந்ததுதான்" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆற்றிக்கொண்டிருப்பேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இருமல் ஆரம்பித்தது. பற்றவைக்கும்போது ஈயத்துக்குள் இருக்கிற பிசின் வெந்து வெள்ளையாக ஒரு புகை வரும். குனிந்து வேலை செய்கிறவனுக்கு அது நேராக மூக்குக்குள்தான் போகும். ஜன்னல் இல்லாத பெட்டியில் வேறு எங்கே போகும்? வாசலில் வைத்துச் செய்யலாமென்றால் தூசியும் மழையும் சாமானைக் கெடுத்துவிடும். முதலில் இருமல், அப்புறம் மூச்சிரைப்பு, அப்புறம் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்துகொண்டே தூங்குவது. கிளினிக் நர்ஸ் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டுக் கடுகடுத்தாள்.

"மருந்து தர்றேன். ஆனா அந்தப் புகைக்குள்ளயே உக்காந்திருந்தா மருந்து என்னய்யா பண்ணும்? வேற வேலைக்குப் போங்க. இப்படியே போனீங்கன்னா ரெண்டு வருஷம் தாங்குறதே கஷ்டம்."

"வேற வேலை தெரியாதும்மா," என்றார் இவர். குரல் அவ்வளவுதான் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் மேட்டுப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் சவுண்டு பார்க்க ஆள் தேடுவதாகச் சேதி வந்தது. பற்றவைக்கிற வேலையே இல்லை. வெளிநாட்டு மிஷின்கள், சீல் வைத்த பெட்டிகள். கெட்டுப்போனால் கம்பெனிக்காரன் வந்து எடுத்துக்கொண்டு போவான். பெரிய ஜன்னல்கள், சுற்றிலும் மரங்கள். குமிழ்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். மண்டபத்தை நடத்துகிற கெம்பாபாசி அம்மாவை நானே போய்ப் பார்த்தேன். வாயைச் சும்மா வைத்துக்கொண்டிருக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் நிச்சயதார்த்தம் இருக்கிறது, அதில் செய்து காட்டட்டும் என்று அந்த அம்மா ஒத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அங்க எல்லாம் நேர் குமிழு," என்றார்.

"அதனால என்ன? பாபிரியே அப்பா, குமிழு என்ன பாம்பா? ரெண்டு வாரம் இருக்கு. பழகிக்குங்க."

பழகினோம். ஒரு பலகையில் சும்மா ஒரு குமிழைப் பொருத்திக்கொண்டு அவர் உட்காருவார். நான் எதிரே உட்கார்ந்துகொண்டு மைக் ஊளையிடுகிற மாதிரி "கீ...ஈ...ஈ" என்று கத்துவேன். அவர் இடப்பக்கம் திருகிக் குறைக்கவேண்டும். வலப்பக்கம் திருகினால் இன்னும் பலமாகக் கத்துவேன். எங்கள் இரட்டைப் பிள்ளைகள் பாபிரியேயும் நகாட்டோவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "நலோங்கோவுக்குப் பேய் பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள். முதல் நாள் பாதிக்குப் பாதி தப்பு. இரண்டாவது வாரத்தில் நூறு தடவை கத்தினால் தொண்ணூற்றைந்து தடவை சரியாகத் திருகினார். "பாத்தீங்களா!" என்று குதித்தேன். அவரும் சிரித்தார். அவர் சிரித்து அவ்வளவு நாளாகியிருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை நானும் கூடப் போனேன். இருப்பதிலேயே நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டு, பெண் வீட்டுக்காரி மாதிரி கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றேன். மண்டபம் முழுக்க ஜனம். இவர் வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் பேச வந்தவர்கள் மாறி மாறி வம்பளந்தார்கள். ஒரு குரல் பிசிறவில்லை. மாப்பிள்ளை வீட்டுச் சீர்க்கூடைகள் வரிசையாக உள்ளே வந்தபோது பாட்டு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியது. கெம்பாபாசி அம்மா என் பக்கம் திரும்பித் தலையாட்டினார். என் மனசு அந்த மண்டபத்துக்கே குடிபோய்விட்டது.

பெண்ணின் அத்தை எழுந்தாள். எங்கள் வழக்கப்படி, கூட்டத்தில் மறைந்து உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளையைக் கண்டுபிடித்து எழுப்புவது அவள் வேலை. மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, "எங்கடா ஒளிஞ்சிருக்கான் எங்க வீட்டு மருமகன்?" என்று கேலி பேசியபடியே வரிசை வரிசையாகத் தேடினாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பில் குஷியாகி நேராக ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றாள்.

மைக் ஊளையிட்டது.

அவர் கை பாய்ந்ததைப் பார்த்தேன். வலப்பக்கம் திருகியது. சத்தம் இரட்டிப்பானது. சத்தம் கூடக் கூட, போதவில்லை என்று நினைத்து அந்தக் கை இன்னும் வலப்பக்கம் திருகியது. நான் அங்கிருந்தே, "இடப்பக்கம்! இடப்பக்கம்!" என்று கத்தினேன். அந்த ஊளையில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. குமிழ் கடைசி வரைக்கும் போய் முட்டி நின்றது. அத்தை மைக்கைக் கீழே போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். குழந்தைகள் அலறின. ஸ்பீக்கர் ஒன்று சர்ரென்று கிழிந்து, அப்புறம் சத்தமே இல்லை.

அந்த அமைதியில் அவர் தன் கையைக் குமிழிலிருந்து எடுக்காமலே உட்கார்ந்திருந்தார்.

கெம்பாபாசி அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சமையல்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், மெதுவாகத்தான் கேட்டார். "உங்களுக்கு வேலை தெரியும்னு எனக்குத் தெரியுது. அப்புறம் ஏன் கூட்டினீங்க? ஊளை விடுதுன்னு தெரிஞ்சும் ஏன் கூட்டிக்கிட்டே போனீங்க?"

"கொறைச்சேன்மா," என்றார் இவர். வேறு எதுவும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் எங்கேயிருந்து ஆரம்பிப்பது? ஊர் உலகத்துக்கெல்லாம் அளக்கிற என் வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. "சாப்பிட்டுட்டுப் போங்க," என்றார் அந்த அம்மா. வாழைக்காயை அவித்து மசித்த மட்டோக்கேயும் கடலைக் குழம்பும் வாழையிலையில் வைத்துக் கொடுத்தார்கள். இருவரும் தொடவில்லை.

சேதி எங்களுக்கு முன்னால் கத்வேக்கு வந்துவிட்டது. எனக்கு அவமானத்தில் அடுப்புப் பற்றவைக்கவே பிடிக்கவில்லை. ஆனால் நடந்தது வேறு. "மண்டபத்து ஸ்பீக்கரையே கிழிச்ச கையாமே!" என்று ஜனம் தேடிக்கொண்டு வர ஆரம்பித்தது. பதினோரு வருஷத்தில் வராத அளவுக்கு ஆர்டர். எல்லாம் இடப்பக்கம். அவர் மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு மறுபடியும் உள்ளே போய் உட்கார்ந்தார். வெளியே உட்கார்ந்து அந்த மூச்சு விசில் அடிப்பதைக் கேட்டுக்கொண்டே நான் மாவு பிசைந்தேன்.

பாஸ்டர் கக்வா வந்தார். புதுச் சபைக்கு இரண்டு பெட்டி வேண்டுமாம். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

"பாஸ்டர், உக்காருங்க. ஒரு உண்மை சொல்றேன். அந்தக் குமிழு தெரிஞ்சு வச்சதில்ல. தப்பா வச்சது. கரண்ட் இல்லாத அன்னிக்குப் பாக்காம வச்சுட்டாரு. செம்பாட்யா அண்ணன் வந்து கத்தினாரு. ரோசத்துல நான்தான் வாய்க்கு வந்ததை அவுத்து விட்டேன். எல்லாம் பொய். நேர் குமிழு வச்ச பெட்டி எந்தக் கடையிலயும் கெடைக்கும், அங்க போய் வாங்கிக்குங்க. இவரை விட்டுடுங்க. இந்தப் புகையில செத்துப்போயிடுவாரு."

பாஸ்டர் என்னைப் பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஐயோ நலோங்கோ, உன் வாய்க்கு முன்னாடி என் பிரசங்கம் எல்லாம் ஒண்ணுமே இல்லம்மா! கூட்டம் வருதுன்னதும் வெலைய ஏத்தறதுக்கு எப்படிச் சுத்தி வளைக்கிறா பாரு! சரி, ஏத்திக்க. எப்ப கெடைக்கும்?"

கர்த்தர் சத்தியமாக என்றேன். பிள்ளைகள் மேல் சத்தியமாக என்றேன். அவர் இன்னும் சிரித்தார்.

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது. "வெள்ளிக்கெழம வாங்க பாஸ்டர்."

பாஸ்டர் போனதும் நான் உள்ளே போனேன். அவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். புகை முகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"எந்திரிங்க."

"எதுக்கு?"

"வெளிய போய் சப்பாத்தியத் திருப்புங்க, கருகுது. அங்க காத்தாவது இருக்கு. இதை நான் பாத்துக்கறேன்."

"உனக்கு என்ன தெரியும்?"

"நீங்க வெளியிலிருந்து சொல்லுங்க, நான் வைக்கிறேன். பதினோரு வருஷமாப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

வாதாட அவருக்கு மூச்சு இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே போனார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். சூட்டுக் கம்பியைப் பிடித்தேன். முதல் தடவை விரலைச் சுட்டுக்கொண்டேன், இரண்டாவது தடவை ஈயம் உருண்டு ஓடியது, மூன்றாவது தடவை ஒட்டியது. கடைசியில் குமிழ் வந்தது. மூன்று கால்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"நேராவே வச்சுடட்டுமா?" என்று கேட்டேன்.

வெளியே சப்பாத்தி திருப்பும் சத்தம் கேட்டது.

"வேணாம்," என்றார். "திரும்பி வந்துடும். பழையபடியே வையி."

இது நடந்து ஏழு மாசமாகிறது. இப்போது அவர்தான் சப்பாத்தி போடுகிறார். ஒன்றுகூட வட்டமாக வருவதில்லை. "சலோங்கோ, இது எந்த நாட்டு மேப்பு?" என்று சாப்பிடுகிறவர்கள் ஓட்டுகிறார்கள். ஓட்டட்டும். மூச்சிரைப்பு குறைந்திருக்கிறது. இப்போது படுத்துத் தூங்குகிறார். அவர் நீட்டிப் படுத்திருப்பதை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நான் படுப்பேன்.

போன புதன்கிழமை விடிகிறவரைக்கும் மழை. ரோடு முழுக்கச் சேறு. கால்வாய்த் தண்ணீரை வாரி ஊற்றிவிட்டு வேலைக்கு உட்கார்ந்தேன். குமிழின் மூன்றாவது காலுக்கு ஈயம் வைக்கும்போது இருமல் வந்தது. அடக்கப் பார்த்தேன். அடங்கவில்லை. கம்பியைக் கீழே வைத்துவிட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமினேன்.

வெளியே மாவு தட்டுகிற சத்தம் நின்றது.

"என்ன நலோங்கோ?"

"ஒண்ணுமில்ல," என்றேன். "ரோட்டுத் தூசி."

அவர் அந்தச் சேற்றுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மாவு தட்ட ஆரம்பித்தார்.